திடீர் மரணங்கள்

பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கத்தில் அடிக்கடி இடம்பெறும் சொல் 'திடீரென' என்பதாகும். முப்பது ஆண்டுகளாக இச்சொல்லை அச்சிலே பார்த்துவருகின்றேன். முதல்நாள் வரை நன்றாக நடமாடியவர் மாரடைப்பினாலோ பாரிசவாதத்தினாலோ காலமானால் உறவினர் வேறு எவ்வாறு எழுதுவர்? எனினும், அவற்றுட் பல திடீர் மரணங்கள் அல்ல. உயர் குருதி அமுக்கம் பல ஆண்டுகளாக ஓசையின்றிச் செய்த வேலையின் முடிவுகளே அவை.

அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் மரணம் இதற்குத் தக்க சான்று. 1945 ஏப்ரல் 12ஆம் திகதி, தலை கடுமையாக வலிக்கின்றதென்று கூறியவர் உடனே நினைவிழந்தார். மூளையில் ஏற்பட்ட குருதிப்பெருக்கினால் அன்றே இறந்தார். வயது 63. எதிர்பாராத மரணமென்றே உலகம் எண்ணியது. ஆனால் அவருக்குச் சிகிச்சையளித்த இருதய வைத்தியர் ஹவார்ட் புரூன் 1970இல் வெளியிட்ட குறிப்புகள் வேறு கதை கூறின. 1944 மார்ச்சிலேயே அவரது குருதி அமுக்கம் 186/108 ஆக இருந்தது, இருதயமும் பருத்திருந்தது. மக்களுக்கோ அவர் நலமாயுள்ளார் என்றே கூறப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் நான்காம் முறையாகவும் அவர் தெரிவுசெய்யப்பட்டார்.

அன்று வைத்தியர்களிடம் ஓய்வு, உப்புக் குறைந்த உணவு என்பவற்றுக்கு அப்பால் பயனுள்ள மருந்துகள் அதிகம் இருக்கவில்லை. இன்று நமக்கு அந்தச் சாட்டு இல்லை.

இந்நோய்க்குப் பெரும்பாலானோரில் தனியொரு காரணத்தைச் சுட்டமுடியாது. பரம்பரை, முதுமை, உடற்பருமன், உடலுழைப்பின்மை, மது, மிகையான உப்பு ஆகியன ஒன்றுசேர்கின்றன. சிலருக்கே சிறுநீரக நோயோ சுரப்பிக் கோளாறோ மூலமாகின்றது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் இல்லாமற் சோறு இறங்காத நமக்கு இது எளிதன்று.

அமுக்கம் 140/90 அல்லது அதற்கு மேல் நிலைத்துநின்றால் குருதிக் குழாய்களின் சுவர்கள் தடித்து இறுகுகின்றன. அவற்றை எதிர்த்துக் குருதியைத் தள்ளும் இருதயத்தசை பருத்து, ஈற்றில் களைத்துவிடுகின்றது. சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் சிதைகின்றன, விழித்திரை பாதிப்புறுகின்றது, மூளையிற் குழாய் அடைபடலாம் அல்லது வெடிக்கலாம். இவ்வளவும் நிகழும்போது பெரும்பாலும் தலைவலிகூட வருவதில்லை.

இதனாலேயே, 'இப்போது சுகம்தானே' என்று குளிசையை நிறுத்துவது ஆபத்தாகின்றது. அந்தச் சுகம் குளிசை தந்தது. நிறுத்தியதும் அமுக்கம் மீண்டும் ஏறும், ஏறுவதை உடல் அறிவிக்காது. அளந்து பார்த்தே அதனை அறியமுடியும். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் இவ்வளவையும் கட்டணமின்றிப் பெறலாம். சில நிமிடங்களே செலவாகும். நாற்பதைக் கடந்த ஒவ்வொருவரும் தமது பிறந்த திகதியைப் போல அந்த இரண்டு எண்களையும் அறிந்திருத்தல் வேண்டும்.