எலும்பு மாட்டிக்கிச்சாம்!

திண்டுக்கல்லைக் கண்ணை மூடிக்கொண்டே சுற்றிப் பார்க்கலாம். மூக்கு இருந்தால் போதும். பேகம்பூர் பக்கம் தோல் பதனிடும் நெடி. பூ மார்க்கெட்டில் நிலக்கோட்டை மல்லிகை. மத்தியானம் நெருங்கினால் தெருவுக்குத் தெரு சீரகச் சம்பா பிரியாணி. 1957-இல் நாகசாமி நாயுடு தலைப்பாகையும் அதுவுமாக ஆனந்த விலாஸ் ஓட்டலை ஆரம்பித்தார். ஊர் இன்னும் அந்த வாசனையை விட்டு இறங்கி வரவில்லை!

நமக்கே இப்படி என்றால், நம்மைவிடப் பல ஆயிரம் மடங்கு மோப்பம் பிடிக்கும் நாய்க்குக் கேட்க வேண்டுமா? ராத்திரி பிரியாணிக் கடை சாத்தும் நேரத்துக்கு எல்லாரும் ஆஜர். எச்சில் இலை, எலும்பு, சண்டை. அதனாலேயே மலைக்கோட்டை அடிவாரத்திலிருந்து நாகல் நகர் வரை எந்த நாய் செருமினாலும் டீக்கடையில் ஒரே வைத்தியம்தான்.

"எலும்பு மாட்டிக்கிச்சுண்ணே. கையை விட்டு எடுத்துட்டா சரியாப் போயிரும்."

அந்தக் கைதான் ஆபத்து.

எலும்பு நிஜமாகவே மாட்டும். அப்போது நாய் முன்னங்காலால் வாயைப் பிறாண்டும், தலையை உதறும், ஓங்கரிக்கும். ஆனால் தாடை தொங்கி, எச்சில் நூல் நூலாக வழிய, தண்ணீரில் வாய் வைத்தும் விழுங்க முடியாமல் மூலையில் கிடக்கிற நாய் வேறு. குரைப்புகூட மாறிக் கரகரக்கும். இது ஊமை வெறி. வெறிநாய் என்றால் துரத்தித் துரத்திக் கடிக்கும் என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. இது துரத்தாது. ரேபிஸ் கிருமி தாடையையும் தொண்டையையும் செயலிழக்கச் செய்துவிட, பார்க்கவே பாவமாக இருக்கும். பாவப்பட்டு வாய்க்குள் விட்ட விரலில் ஒரு கீறல் இருந்தால் போதும். கடிக்க வேண்டியதே இல்லை. மனிதனுக்கு அறிகுறி வந்துவிட்டால் அப்புறம் அநேகமாக மீட்சி கிடையாது.

கை பட்டுவிட்டதா? குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். (பதினைந்து நிமிஷம் என்பது ரொம்ப நேரம், கடிகாரத்தைப் பாருங்கள்.) மஞ்சள், சுண்ணாம்பு எல்லாம் சமையலறையிலும் வெற்றிலைப் பெட்டியிலும் இருக்கட்டும். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரி. "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களாமே?" என்று இன்னமும் ஒளிகிறவர்கள் உண்டு. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004-ஓடு கைவிட்டாயிற்று. இப்போது கையில்தான், சில தவணைகள், இலவசமாக.

அதற்காக இருமுகிற நாயையெல்லாம் கண்டு ஓட வேண்டாம். வாத்து கத்துவதுபோல் வறட்டு இருமல் இருமிக்கொண்டு, வாலையும் ஆட்டிக்கொண்டு சாப்பிட வந்தால் அது பெரும்பாலும் தொற்று இருமல். இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். குட்டிக்குக் காய்ச்சலோடு மூக்கிலும் கண்ணிலும் சீழ் வடிந்தால் சும்மா இருக்கக்கூடாது. டிஸ்டெம்பராக இருக்கலாம். பிழைத்தாலும் கால் வெட்டி வெட்டி இழுக்கும். தடுப்பூசி ஒன்றுதான் வழி.

ஊரைத் தாண்டி வேடசந்தூர், குஜிலியம்பாறை மேட்டுக்காட்டுக்குப் போனால் பிரியாணி எலும்பு கிடையாது. நாய்க்கு அங்கே வேறு தொல்லைகள். ஊசிப்புல்லின் விதை ஒரு துவாரத்தில் ஏறிவிட்டால் விடாத தும்மல். ஆடு மேய்க்கப் போகிற நாயின் மூக்கிலிருந்து சும்மாவே ரத்தம் கொட்டினால், "வெயில் சூடு" என்று தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். முதலில் காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தின் மோப்ப நாய்களை இப்படி மூக்கில் ரத்தம் வரவைத்துச் சாய்த்தது இந்த உண்ணிக் காய்ச்சல்தான். காலத்தோடு கால்நடை டாக்டரிடம் காட்டினால் குணமாகிவிடும்.

பூனை கதை தனி. சளி பிடித்து மூக்கடைத்துவிட்டால் பூனை சாப்பிடாது. வாசனை தெரியாத பண்டம் அதற்குச் சோறே இல்லை. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரல் கெடும். ஐயோ பாவம் என்று நம் காய்ச்சல் மாத்திரையில் பாதியை உடைத்துப் போட்டுவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். டாக்டர் வரும்வரை ஒரு கைவேலை செய்யலாம். நெத்திலிக் கருவாட்டை ஊறவைத்து உப்புப் போகக் கழுவி, வெறும் வெந்நீரில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மூக்கருகே வைத்தால் அடைத்த மூக்கிலும் கொஞ்சம் ஏறும். பூனை எழுந்து வரும். மாடி வீட்டு ஐயர் கீழே இறங்கி வருவார். அவரைச் சமாளிப்பது உங்கள் பாடு.