கொட்டுவதா, கொடுப்பதா?

ஒரு பிடி அரிசி விளைய உழவர் எத்தனை நாள் பாடுபடுகிறார் என்பதை நாம் அறிவோம். ஆயினும், உண்ணத்தக்க உணவையே கடைகள் குப்பையில் கொட்டுகின்றன என்றால் நம்ப முடிகிறதா?

என் பெரியம்மா மகள் ஒரு பெரிய பல்பொருள் அங்காடியில் வேலை பார்க்கிறாள். மறுநாளோடு தேதி முடியும் ரொட்டிகளை உறை கிழித்துக் குப்பையில் போடுவதும் அவள் வேலை. வாசலில் காவல் இருக்கும் பெரியவருக்கு ஒன்று கொடுக்கவும் அனுமதி இல்லையாம். “ஏன் அக்கா?” என்று கேட்டேன். “யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போனால் யார் பதில் சொல்வது என்கிறார்கள்” என்றாள்.

காரணம் அச்சம் மட்டுமன்று. இலவசமாகக் கிடைத்தால் விலைக்கு வாங்குவோர் குறைவர் என்ற கணக்கும் உண்டு. உணவைத் தரம் பிரித்து, கெடாமல் குளிரில் வைத்து, வண்டியில் ஏற்றி அனுப்பச் செலவும் ஆகும். எனவே கடைக்காரர்களைக் கல்நெஞ்சர் என்று தூற்றிப் பயனில்லை. கொட்டுவது எளிது, கொடுப்பது கடினம். இதுவே உண்மை.

இதைத் தலைகீழாக மாற்ற முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. நல்லெண்ணத்துடன் உணவு வழங்கியவர், பெருங் கவனக்குறைவு இல்லாதவரை, அதனால் நேரும் தீங்குக்குப் பொறுப்பாக மாட்டார் என்று அமெரிக்கா 1996இல் சட்டம் இயற்றியது. பிரான்சு நாட்டிலோ, குப்பைத் தொட்டியைக் கிளறுவோரைத் தடுக்கச் சில கடைகள் நல்ல உணவின்மேல் சலவைத் திரவத்தை ஊற்றி வந்தன. 2016இல் வந்த சட்டம் அதைத் தடுத்தது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் தொண்டு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்றும் அது விதித்தது. வழங்கும் உணவுக்கு அங்கே வரிச் சலுகையும் உண்டு.

நம் நாட்டிலும் எஞ்சிய உணவைச் சேகரித்து வழங்க 2019இல் விதிகள் வெளியாயின. எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. கொடுத்தே ஆக வேண்டும் என்று கூறவில்லை. அந்த ஒரு படியையும் நாம் ஏற வேண்டாமா?

சட்டம் வரும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கடையில் புதிய தேதியைத் தேடிப் பின்வரிசைக்குக் கை நீட்டுகிறோம். முன்வரிசையில் இருப்பது தேங்கிக் குப்பைக்குப் போகிறது. அன்புப் பெற்றோரே, தோழியரே! இன்றே உண்ணப்போகும் ரொட்டியை முன்வரிசையிலிருந்தே எடுப்போம். ஒரு ரொட்டியாவது பிழைக்கட்டும்!