தேயிலைக் கறையில் எழுந்த சித்திரம்

மலைநாட்டைக் காணப் புறப்படுவோர் பெரும்பாலும் நுவரெலியாவின் குளிரையும் ஏரியையும் நாடியே செல்கின்றனர். வழியில் வரும் ஹட்டன் நகரம் அவர்களுக்கு ரயில் சற்று நின்று செல்லும் ஒரு நிலையம். சிவனொளிபாத மலைக்குப் போகும் அடியார்கள் இறங்கும் இடம். கலையில் நாட்டமுடையோர் அவ்வூரை நினைவிற்கொள்ள வேறொரு காரணமும் உண்டு. தேயிலையையே தம் கலைக்குரிய பொருளாகக் கொண்ட ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் அவர்களின் ஊர் அது.

ஹட்டனை விட்டு ரயில் சிங்கமலைச் சுரங்கத்துள் நுழைந்து வெளியேறியதும் கொட்டகலை, தலவாக்கலைப் பகுதிகளின் மலைச்சரிவுகள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தோன்றுகின்றன. இயற்கையின் எழில் என்று நாம் வியக்கிறோம். உண்மையில் அது மனிதர் கைவேலை. தேயிலையை அதன் போக்கில் விட்டால் மரமாக வளர்ந்துவிடும். கவ்வாத்துக் கத்தியால் அதனை இடுப்பளவில் நிறுத்தி, மட்டக்கம்பு வைத்துச் சமன் பார்த்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி எடுக்கும் உழைப்பே இக்காட்சியை நாள்தோறும் புதுப்பிக்கிறது.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் மலைநாடெங்கும் தேயிலை பரவியது. காடு வெட்டிக் கன்று நட்டவர்கள் தமிழகத்திலிருந்து வந்த நம்மவர். அவர்தம் சந்ததியாருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராயினர். அக்குறையை முடிவாக நீக்குதற்கான சட்டம் 2003இல்தான் வந்தது. தலைமுறை தலைமுறையாக மண்ணைப் பண்படுத்தியும், வீடு கட்டச் சிறிதளவு சொந்த நிலமேனும் வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கை இன்னும் முற்றாக நிறைவேறவில்லை.

இப்பின்னணியில் நோக்கினால்தான் ஹனுஷா அவர்களின் கலை விளங்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியக் கலை பயின்ற இவர், தேயிலைப் பைகளையும் தேநீர் வடிகட்டிகளையும் தம் படைப்புக்குரிய பொருள்களாக்கினார். அவற்றிலே தோட்ட மக்களின், சிறப்பாகப் பெண்களின், வாழ்வைக் காட்டினார்.

நாம் தேநீர் அருந்தியபின் எறிந்துவிடும் சிறு பை ஓவியமாதல் எங்ஙனம் என்று மாணவர் வினவக்கூடும். பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப் படவைத்து, உலர்த்துகையில் அதன் பச்சை நிறம் மாறிச் செம்பழுப்பாகிறது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலையே கிடைக்கும். தரம் பிரிக்கையில் விழும் சிறு துகள்கள் பைகளிற் செல்கின்றன. வெந்நீர் பட்டதும் அப்பையின் மெல்லிய தாளில் சாயம் ஊறுகிறது. உலரும்போது ஈரம் நின்ற விளிம்பு கருத்துத் தெரிகிறது. அந்த நிறம் கடையில் வாங்கியதன்று, மலைச்சரிவிலிருந்து வந்தது. கொழுந்து கடல் கடந்து போகிறது. கிள்ளிய கையை அருந்துவோர் அறிவதில்லை. மறைந்துபோன அக்கையை, அது பறித்த இலையின் கறையிலேயே தோன்றச் செய்வதுதான் இக்கலையின் சிறப்பு என்பது நம் கருத்து.

கிடைத்ததைக் கொண்டு கலை செய்யும் வழக்கம் தோட்டத்துக்குப் புதிதன்று. மாசி மாதத்திலே காமன் கூத்து நிகழும்போது தோட்டத்து வெளியே அரங்காகிறது. உழைக்கும் மக்களே ரதியும் மதனுமாகின்றனர். தோல் போர்த்த தப்பினை நெருப்பிலே காய்ச்சி முறுக்கேற்றி முழக்குகின்றனர். அதே தப்பொலிதான் முன்னாளில் விடியற்காலையில் பிரட்டுக்கு ஆள் அழைத்தது. மூங்கில் பிளந்து கொழுந்துக் கூடை முடையும் கைத்திறனும் இருந்தது. இன்று பல தோட்டங்களில் சாக்கும் நைலான் பையும் கூடையின் இடத்தைப் பிடித்துவிட்டன. முடைவார் குறைந்தால் அத்தொழிலறிவும் அவர்களோடு போய்விடும்.

இத்தகைய பொருள்களைப் பேணும் முயற்சியும் நடந்திருக்கிறது. கம்பளையை அடுத்த பழைய பீக்கொக் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்திலேயே 2007ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகம் ஒன்று திறக்கப்பட்டது. அவர்கள் வாழ்ந்த சுவர்களுக்குள்ளேயே அவர்களுடைய கருவிகளையும் வீட்டுப் பொருள்களையும் காணுதல், கண்ணாடிப் பேழைகள் நிறைந்த பெருமண்டபத்தில் காண்பதினும் மேலாக உள்ளத்தைத் தொடும்.

2023ஆம் ஆண்டில் மலையகத் தமிழர் தம் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்தனர். அவ்வரலாற்றில் ஏட்டில் ஏறாத பகுதி மிகுதி. அது பாட்டிமாரின் பேச்சிலும், வீட்டு மூலையிற் கிடக்கும் பழங்கூடையிலும், இடுப்பிற் கட்டிய படங்கிலும் தங்கியிருக்கிறது. மலைநாட்டுக்குச் செல்லும் மாணவர்கள் நீர்வீழ்ச்சியைப் படம்பிடித்ததோடு திரும்பிவிடாமல், கூடை முடையத் தெரிந்த ஒரு முதியவரையேனும் தேடிச் சென்று, மூங்கிலை எப்பருவத்தில் வெட்டுவது, எவ்வாறு பிளப்பது என்று கேட்டு எழுதி வருவார்களாக.