நடந்து போனவர்களின் கட்டம்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 2014இல் நாடு முழுக்கச் சாலையில் இறந்த பாதசாரிகள் 12,330 பேர். 2018இல் 22,656 பேர். அதே காலத்தில் மொத்தச் சாவு 1,39,671இலிருந்து 1,51,417 ஆகியிருக்கிறது. மொத்தம் நூற்றுக்கு எட்டுதான் கூடியிருக்கிறது. நடந்து போனவர்கள் மட்டும் இரண்டு மடங்கை நெருங்கிவிட்டார்கள். நான்கு வருஷத்தில் சாலை அவர்களுக்கு மட்டும் அப்படியா மாறிப்போயிருக்கும்?

இடையில் 2017இல் ஒன்று நடந்தது. காவல் நிலையங்கள் விபத்தைப் பதியும் படிவம் மாறியது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களும் காவல் துறையினரும் இருந்த குழு முந்தைய வருஷம் வகுத்துக் கொடுத்த படிவம் அது. செத்தவர் எதில் போனார், நடந்து போனாரா என்று தனியாகக் கேட்கும் கட்டங்கள் அதில் தெளிவாக வந்தன. 2022 அறிக்கையில் பாதசாரிகள் 32,825 பேர்; ஐந்தில் ஒரு பங்கு. இந்த ஏற்றத்தில் பெரும்பகுதி புதிதாக வந்த சாவு இல்லை, புதிதாகக் கண்ணில் பட்ட சாவு என்றே நினைக்கிறேன். டெல்லி ஐ.ஐ.டி.யின் தினேஷ் மோகனும் கீதம் திவாரியும் பல வருஷமாக இதைத்தான் சொல்லிவந்தார்கள்: முதல் தகவல் அறிக்கைகளைப் பிரித்துப் படித்தால் நடப்பவர்களின் பங்கு அரசு அட்டவணை சொல்வதைவிட எவ்வளவோ அதிகம் என்று. தினேஷ் மோகன் 2021இல் கொரோனாவில் போய்விட்டார்.

*

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களின் முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடும் போலீஸ்காரர்களைப் பார்த்திருக்கிறேன். நடப்பவர்களுக்கு உள்ள ஆபத்து, எந்த அட்டவணையும் சொல்லாமலே அந்தப் போலீஸ்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

*

பழைய அறிக்கைகளில் காரணங்களுக்கு என்று ஓர் அட்டவணை. 2016இல் நூற்றுக்கு 84 விபத்துகள் ‘ஓட்டுநரின் தவறு’ என்ற ஒரே வரியில் அடங்கிவிட்டன. அந்த வரி இருக்கும்வரை நடைபாதை இல்லாததையும், விளக்கு எரியாததையும், ஊருக்குக் குறுக்கே நான்குவழிச் சாலை போட்டு, கடக்க வழி வைக்காமல் விட்டதையும் யாரும் எழுத வேண்டியிருக்கவில்லை. புதிய படிவம் சாலையைப் பற்றியும் கேட்கிறது: வளைவா, பாலமா, சந்திப்பா, பள்ளமா, சிக்னல் இருந்ததா. ஆனாலும் 2022இல் சாவுகளில் 71 விழுக்காடு ‘அதிவேகம்’ என்ற வரியில்தான் போய் விழுந்திருக்கிறது. கேள்வி மாறிவிட்டது, பதில் எழுதும் கை மாற நாளாகும்போல.

*

‘விபத்தில் தமிழகம் முதலிடம்’. வருஷா வருஷம் வரும் தலைப்பு. 2022இல் இங்கே 64,105 விபத்து, 17,884 சாவு. உத்தரப் பிரதேசத்தில் 41,746 விபத்து, 22,595 சாவு. அங்கே இரண்டு விபத்துக்கு ஒருவருக்குமேல் இறக்கிறார்கள், இங்கே நான்கு விபத்துக்கு ஒருவர். சின்னக் காயத்தையும் பதிகிற மாநிலம் பட்டியலில் மேலே போகும். விபத்து எண்ணிக்கையை மட்டும் வைத்து மாநிலங்களை வரிசைப்படுத்துவதை நிறுத்த வேண்டும். நேர்மையாகப் பதிகிற நிலையத்துக்கு அது கெட்ட பெயரை அல்லவா வாங்கித் தருகிறது!

*

பிரிட்டனின் அரசுப் புள்ளிவிவரத்தில் 2022இலிருந்து ‘ஆக்சிடென்ட்’ என்ற சொல் இல்லை, ‘கொலிஷன்’தான். தற்செயல் என்ற சாயல் வேண்டாம் என்பதற்காக. தமிழில் என்ன செய்வது? ‘விபத்து’ என்றால் விதி வந்து நிற்கிறது. ‘மோதல்’ என்று எழுதினால் இரு தரப்பு அரிவாளோடு நிற்பதுபோல் இருக்கிறது. சொல் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை ‘விபத்து’ என்றே எழுதினாலும், ‘விபத்தில் சிக்கினார்’ என்று எழுதாமல், எந்த வண்டி யார்மேல் மோதியது என்றாவது எழுதலாம்.

*

2016இல் அரசுக் கணக்கு 1,50,785 சாவு. அதே வருஷத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 2,99,091. ஏறத்தாழ இன்னொரு மடங்கு.

இந்த இடைவெளி விழும் வழிகளில் ஒன்று இப்படி இருக்கலாம். அடிபட்டு முப்பது நாளுக்குள் இறந்தால் அது சாலைச் சாவு என்பது விதி. தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து மாவட்ட ஜிஹெச், அங்கிருந்து மதுரையோ சென்னையோ. இருபதாம் நாள் உயிர் போனால், அந்தச் சேதி முதலில் வழக்குப் பதிந்த நிலையத்துக்கு வந்து, சட்டப்பிரிவு மாற்றப்பட்டு, காயம் என்ற கட்டத்திலிருந்து சாவு என்ற கட்டத்துக்குப் பெயர் நகர வேண்டும். ஒரு தாள் வழியில் தங்கிவிட்டால் அந்த மனிதர் அறிக்கையில் உயிரோடு இருப்பார்.

*

முதல் தகவல் அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு: சம்பவ இடம், காவல் நிலையத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரம். ‘தெற்கே 4 கி.மீ.’ என்று எழுதினால் வழக்குக்குப் போதும். ஆனால் தேசிய நெடுஞ்சாலையில் ‘பிளாக் ஸ்பாட்’ என்று குறிக்க, 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று வருஷத்தில் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள், அல்லது பத்துச் சாவுகள் இருக்க வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் எழுதி, மீட்டர் கணக்கில் எப்படித் தேடுவது?

அதற்குத்தான் சென்னை ஐ.ஐ.டி.யும் தேசிய தகவலியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய ஐராட் செயலி. அது முதலில் நடைமுறைக்கு வந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சம்பவ இடத்தில் நின்று போனில் பதிந்தால் அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஏறிவிடும். நல்ல வேலை. மனதார மகிழ்ந்தேன்.

ஆனால் அச்சாகி வரும் ஆண்டறிக்கையில் மாநிலம் இருக்கிறது, பெருநகரம் இருக்கிறது. என் ஊர்ச் சந்திப்பு இல்லை. 2022க்கான புத்தகம் வந்ததே 2023 அக்டோபர் கடைசியில். பிரிட்டனில் 1979 முதல் போலீஸ் பதிந்த, யாருக்காவது அடிபட்ட ஒவ்வொரு விபத்தையும் ஒரு வரியாக, பெயர் நீக்கி, நாள், நேரம், இடத்தோடு யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். இங்கும் அதைக் கேட்க வேண்டும். கிராம சபையில் ஒரு பெண் எழுந்து, பள்ளிக்கூடத்து வளைவில் மூன்று வருஷத்தில் எத்தனை பேர் என்று தாளைக் காட்டிக் கேட்க முடிகிற அளவுக்கு.

*

நாளை: 2014க்கு முந்தைய அறிக்கைகளிலும் பாதசாரி வரியைத் தேடி எழுதிவைக்க வேண்டும்.