கல்லான மரமும் கரியான காடும்

சாத்தனூர்க் கல்மரத்தைப் போய்ப் பார்த்தேன். 12 கோடி வருஷப் பழமை, 18 மீட்டர் நீளம், 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டது. சுற்றி வேலியுண்டு.

நான் வசிக்கும் கல்மண்டபத்துக்கு வடக்கே, எண்ணூரில், அதைவிடப் பழைய தாவரம் கப்பல் கப்பலாக வந்திறங்குகிறது: ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி. 25 கோடி வருஷத்துக்கும் முந்திய குளோசாப்டெரிஸ் காடு. வேலியில்லை, உலைதான். சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிகிறது. புகை பூமியைச் சூடாக்க, உயரும் கடல் ராயபுரத்துக் கரைக்கற்களை வந்து மோதுகிறது.

ஆதித் தாவரத்தை நகரச் சதுக்கத்தில் சிற்பமாக நிறுத்தலாம். பார்ப்பவன் வியந்துவிட்டுப் போவான். 2017-இல் டி. எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று புறம்போக்குப் பாடலைப் பாடினார். பொதுவிடத்துக் கலையென்று என் மனம் ஒப்புவது அதைத்தான். அதன் காட்சிப்பொருள் அங்கேயே எரிந்துகொண்டிருந்தது.