கொட்டில் இருமல்

நாயைப் பற்றித் தமிழில் நிறையவே சொல்லியாகிவிட்டது, பெரும்பாலும் நாயைப் பார்க்காமலேயே. வசவுக்கு ஒரு நாய் இருக்கிறது. நன்றிக்கு ஒரு நாய். மாணிக்கவாசகர் தன்னைத் தாழ்த்திக்கொள்ள ஒரு நாய். மூன்றும் மனிதனை அளக்க வைத்துக்கொண்ட கோல்கள். தொண்டை புண்ணாகி ராத்திரியெல்லாம் இருமுகிற பிராணிக்கு இவற்றில் இடமில்லை.

மகாபாரதம் ஓரளவு விலக்கு. தர்மபுத்திரனோடு கடைசிவரை போகிற நாயை எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. அது தர்மதேவதை என்று தெரிந்த க்ஷணத்தில் நாயாக இருப்பது முடிந்துபோகிறது. ஆதி பர்வத்தில் இன்னொரு நாய் வருகிறது. யாகசாலைக்குப் போன குட்டியை ஜனமேஜயனின் தம்பிகள் அடித்து விரட்டுகிறார்கள். அது ஹவிஸை நக்கவில்லை, ஏறிட்டுப் பார்க்கக்கூட இல்லை. தாய் சரமை வந்து, என்ன குற்றம் என்று கேட்கிறாள். பதில் இல்லை. சபித்துவிட்டுப் போகிறாள். அந்தக் குட்டிக்குள் ஒரு தேவதையும் ஒளிந்திருக்கவில்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

எங்கள் வீட்டுக்கு வந்திருப்பது செவலைப் பெட்டை. பல்லைப் பார்த்து இரண்டு வயதிருக்கும் என்றார்கள். கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதில் ஒரு வெட்டு. ஊருக்கு வெளியே ஒரு காப்பகத்திலிருந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தோம். தத்து எடுத்ததாக நண்பர்கள் சொல்கிறார்கள். தத்து என்றால் கோத்திரம், சொத்து, கொள்ளி. இதில் எதை நாயிடம் கொடுத்து எதை வாங்குவது? அதற்கு நாங்கள் இன்னும் ஆட்கள்கூட இல்லை; கதவுக்கு இந்தப் பக்கம் நடமாடும் இரண்டு வாசனைகள். முதல் மூன்று நாட்கள் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வரவில்லை.

நான்காம் நாள் ராத்திரி இரும ஆரம்பித்தது. இருமல் என்றால் நாம் இருமுவது போல இல்லை. வறண்டு, உரத்து, கழுத்தை நீட்டி வாத்து கத்துவது போல வரிசையாக நாலைந்து. முடிவில் வயிற்றைச் சுருக்கி ஓங்கரிப்பு. தரையில் கொஞ்சம் வெள்ளை நுரை. பிறகு வாலை ஒடுக்கிக்கொண்டு, செய்யக்கூடாததைச் செய்துவிட்டது போல நம்மைப் பார்க்கும். கீழ்வீட்டு அம்மாள் காலையில் படியேறி வந்து, "சார், தொண்டையில எலும்பு மாட்டிக்கிட்டிருக்கு, வாயத் திறந்து பாருங்க" என்றாள். கேட்பவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுமாம். வைத்தியர் சொன்னார்.

அவர் வாயைத் திறக்கவில்லை. குரல்வளைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து லேசாக அழுத்தினார். உடனே வாத்து கத்தியது. "கென்னல் காஃப்" என்றார். ஜுரம் இல்லை, கண்ணில் பீளை இல்லை, சாப்பிடுகிறது. ஆகவே அவர் முதலில் பயந்த டிஸ்டெம்பராக இருக்காது. பத்து நாளைக்கு டாக்ஸிசைக்ளின், வெறும் வயிற்றில் கூடாது. கழுத்துப் பட்டை கூடாது, மார்பைச் சுற்றிக் கட்டும் வாரைத்தான் போட வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று பாராசிட்டமாலோ புரூஃபனோ கொடுத்துவிடக்கூடாது, நாய்க்கு அவை விஷம். இருமலை அடக்க மருந்து கேட்டேன். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு பார்க்கலாம் என்றார்.

விஷயம் இதுதான். மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் ஓயாமல் அசைந்து தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பாக்டீரியா அந்த மயிர்களைப் பற்றிக்கொண்டு அசைவை நிறுத்துகிறது. பெரும்பாலும் தனியாக வருவதில்லை. பாராஇன்ஃப்ளுயன்ஸா போன்ற ஒரு வைரஸ் முன்னால் வந்து வழியைப் புண்ணாக்கி வைத்திருக்கும். பெருக்குகிறவர்கள் வேலையை நிறுத்திய வீட்டில் மிஞ்சுவது இருமல் ஒன்றுதான். இதற்கு நெருங்கிய உறவான கிருமியை 1906ல் பிரஸ்ஸல்ஸில் ஜூல் போர்டேயும் ஆக்டாவ் ஜாங்கூவும் பிரித்தெடுத்தார்கள்: குழந்தைகளுக்கு வரும் கக்குவான். நம் பாட்டிகளுக்கு கிருமியின் வம்சாவளி தெரியாது. ஆனால் இருமி முடித்துக் கக்குவதைப் பார்த்து வைத்த பெயர் இந்த நாய்க்கும் அப்படியே பொருந்துகிறது.

ஆங்கிலப் பெயர் வேறொன்றைச் சொல்கிறது. அது நோயின் தோற்றத்தை விட்டுவிட்டு இடத்தைக் குறிக்கிறது. கொட்டில் இருமல். பல நாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடைத்து, ஒன்றின் மூச்சை இன்னொன்று வாங்க வைத்தால் வருவது. தொற்றி இரண்டு நாளிலும் தெரியும், இரண்டு வாரம் கழித்தும் தெரியும். காப்பகத்துக்காரர்கள் ஏமாற்றிவிட்டதாக என் சகலை சொன்னார். நூறு நாய்க்கு இரண்டு ஆட்கள் இருக்கிற இடத்தில் ஏமாற்ற யாருக்கு அவகாசம்? கூட்டி வந்த அன்று அது நன்றாகத்தான் இருந்தது.

சிக்கல் மாடியிலிருந்து வந்தது. அங்கே மூன்று மாதக் குட்டி ஒன்று இருக்கிறது. குட்டிகளுக்கு இது நிமோனியாவாக முற்றலாம். அந்த வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார்: "குணமாகற வரைக்கும் அங்கியே விட்டுடுங்களேன் சார். அப்புறம் கூட்டிட்டு வரலாம்." அவர் பயம் நியாயமானது. ஆனால் அவர் சொன்ன அந்த அங்கேதான் நோய். அங்கே திரும்பினால் இது இன்னும் பத்து நாய்களுக்குக் கொடுக்கும், அவற்றிடமிருந்து புதிதாக வேறொன்றை வாங்கிக்கொள்ளும். நேரத்தைப் பிரித்துக்கொண்டோம். ஐந்து மணிக்கு இது வெளியே போகும், ஏழு மணிக்குக் குட்டி. படிக்கட்டை நான் பினாயில் போட்டுத் துடைத்தேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

ராத்திரிகளில் குளியலறையில் பக்கெட் நிறைய வெந்நீர் ஊற்றிக் கதவைச் சாத்தி, ஆவியில் நானும் நாயுமாகப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்போம். சென்னைப் புழுக்கத்தில் அது ஒரு தண்டனை. எதிர்ச் சுவரோரம் என்னைப் பார்க்காமல் உட்காரும். இருமல் தளரும், மறுபடி பிடிக்கும். இதை அன்பு என்று சொல்ல எனக்குக் கூச்சமாயிருக்கிறது. அன்பு என்றால் இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். கடமை என்றால் யாரோ விதித்திருக்க வேண்டும். மாத்திரையைச் சோற்றில் பிசைவது, அடுத்த இருமலுக்குக் காது கொடுத்துக் கிடப்பது, எத்தனை என்று எண்ணுவது: இவை இரண்டுக்கும் முன்னாலேயே தொடங்கிவிடுகின்றன.

என் மனைவி 'அவள்' என்கிறாள். நான் 'அது' என்கிறேன். மக்களை உயர்திணை என்றும் மற்றவற்றையெல்லாம் அஃறிணை என்றும் தொல்காப்பியம் பிரித்துவிட்டது. எனக்கு அந்தப் பிரிவில் புகார் இல்லை. 'அவள்' என்ற உடனே எனக்குத் தெரிந்த பெண்களின் மனசை அதற்குள் ஏற்றிவிடுகிறேன். 'அது' என்னும்போது அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பதாவது மிஞ்சுகிறது.

2025 ஆகஸ்ட் 11ல் உச்ச நீதிமன்றம், தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், திரும்ப விடக்கூடாது என்று உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22ல் மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள்: வெறியும் மூர்க்கமும் உள்ளவை தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நாய்க்கடிபட்ட குழந்தையின் தகப்பனோடு நான் இதில் வாதாட மாட்டேன். ரேபீஸ் கண்டுவிட்டால் பிழைப்பதென்பது அநேகமாக இல்லை. ஆனால் அந்த பத்துப் பன்னிரண்டு நாட்களில் 'காப்பகம்' என்ற சொல் எவ்வளவு சுலபமாகப் புழங்கியது! கொண்டுபோய் விட்டால் தீர்ந்தது என்கிற தொனி. அந்தச் சொல்லுக்குள் எத்தனை அடி இடம், எத்தனை கிண்ணம், எத்தனை கை என்று கேட்டவர்கள் குறைவு. கேட்காததன் சத்தத்தைத்தான் எங்கள் கூடத்தில் ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பதினெட்டாம் நாள் இருமல் நின்றது. கிருமி இன்னும் சில வாரம் மூச்சில் வெளிவரலாம், மாதக் கணக்கிலும் ஆகலாம் என்கிறார் வைத்தியர். அதுவரை அதன் தண்ணீர்க் கிண்ணம் தனி. ஐந்து மணிக்கு இது, ஏழு மணிக்குக் குட்டி.