மீதி இரண்டு ரூபாய்

மெல்பர்ன், மே 10

அன்புத் தம்பிக்கு,

மருமகளை ஆறாம் வகுப்புக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா, அருப்புக்கோட்டை மெட்ரிக் வேனில் ஏற்றிவிடுவதா என்று கேட்டிருந்தாய். "வேதம் சொல்லிக் குடுத்துப் பிள்ளைய மாத்திருவாகளோன்னு அம்மா பயப்படுதுக்கா" என்றாய். அம்மாவின் பயத்துக்குத்தான் முதலில் பதில்.

அமெரிக்க மதுரை மிஷன் 1834-ல் மதுரைக்கு வந்தது. பிறகு நம் பக்கத்து மண்டபசாலையிலும் வந்து தங்கியது. பசுமலையில் அவர்கள் நடத்திய பள்ளிதான் 1881-ல் கல்லூரியாகி, பின்னால் அமெரிக்கன் கல்லூரி ஆயிற்று. மதம் பரப்பத்தான் வந்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மதம் மாறாத பிள்ளைகளுக்கும் அந்த வாசல் திறந்தே இருந்தது.

திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன் மதுரையில் படித்தது ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும்தான். 1896 ஆகஸ்டு கடைசியில், அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கு வைத்திருந்த 5 ரூபாயில் வழிச்செலவுக்கு 3 ரூபாய் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினார். எழுதிவைத்த சீட்டில், சம்பளம் இன்னும் கட்டவில்லை, மீதி 2 ரூபாய் இதோடு இருக்கிறது என்று கணக்கும் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் விட்டுப் போகிற பதினாறு வயதுப் பையனுக்கு, அண்ணன் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே! அந்தக் குணம் பள்ளி தந்ததா, வீடு தந்ததா என்று பிரிக்க என்னால் முடியாது. மிஷன் பள்ளியில் படித்தவர் போய்ச் சேர்ந்தது திருவண்ணாமலைக்கு, ரமணர் ஆனார். இதை அம்மாவிடம் சொல்.

இங்கே உன் மாப்பிள்ளைப் பயல் படிப்பதும் ஒரு சபை நடத்தும் பள்ளிதான். ஆஸ்திரேலியாவில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு மேல் அரசு சாராத பள்ளிகளில் படிக்கிறார்கள். அரசும் மானியம் தருகிறது, நாங்களும் பெருந்தொகை கட்டுகிறோம். ரிப்போர்ட்டில் கணக்கு, அறிவியலுக்குக் கீழே மரியாதை, பொறுப்பு என்று தனித்தனிக் கட்டங்கள். நல்ல ஆசிரியர்கள், அக்கறையோடுதான் நிரப்புகிறார்கள். ஆனாலும் குணம் கட்டத்தில் வந்து உட்காருமா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை.

காரணம், நான் படித்த மிஷன் பள்ளிக்கூடம். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடம், எங்களுக்கு நீதிபோதனை. அதில் கேட்ட கதை ஒன்றுகூட நினைவில் இல்லை. ஆளுக்கொரு வேப்பங்கன்று கொடுத்திருந்தார்கள். கிணறு வற்றிய கோடையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தட்டுக் கழுவிய தண்ணீரைத்தான் அதற்கு ஊற்றுவோம். அம்மை போட்டுப் பத்து நாள் படுத்திருந்துவிட்டுப் போனேன். என் கன்று பச்சையாக நின்றது. டீச்சர்தான் தினமும் ஊற்றியிருக்கிறார். பக்கத்துக் கன்றுக்காரி சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு, வராதவளின் கன்றுக்கும் ஊற்றாமல் எங்களில் யாரும் வகுப்புக்குள் போனதில்லை.

எல்லா மிஷன் பள்ளியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அதே இடத்தில் பிரம்படியும் ஏச்சும் வாங்கியிருக்கிறேன். ஆனால் மானியம் பெறும் பள்ளி, பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையைச் சமய போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவே சொல்கிறது. அங்கே ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவதும் அரசுதான்.

ஜூனுக்கு முன்னால் ஒரு நாள் நீயே போ. கட்டடத்தைப் பார்க்காதே. மணி அடித்த பிறகு டீச்சர்கள் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று நின்று கேள். மனதுக்குப் பிடித்தால் சேர்த்துவிடு. வேனுக்கு எடுத்துவைத்த பணத்தில் மருமகளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடு.

அன்புடன்,
அக்கா